இரண்டு ஒன்றுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மகப்பேறு மருத்துவமனையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, மென்பொருள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரே ஒருத்தியை மட்டும் நாற்காலியிலிருந்து எழுப்பியது. அவளை அங்கு எல்லோரும் சிஸ்டர் என்றே அழைத்தனர். அதே மருத்துவமனையின் பிரசவ வார்டில் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்து, இடுப்புவலி காரணமாக அந்த வேலையை விட்டு, மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்று, நாற்பத்தைந்தாம் வயதில் இந்த அலுவலகத்தின் வாசற்படியை மிதித்தவள் அவள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிவடைகிறது. அன்று பதினொரு மணிக்கு மேலாளர் அம்மாள் அவளை அறைக்குள் அழைத்து, வேலை நிரந்தரமா இல்லையா என்பதைச் சொல்லிவிடுவார்.

அழைப்பில் வந்த செய்தி இதுதான். அன்று காலை ஒன்றாம் எண் டோக்கன் இரண்டு பேருக்குக் கிடைத்திருந்தது. எல்லோரையும் முதலில் பார்க்கும் மருத்துவர் ஒன்றாம் எண்ணைக் கூப்பிட, இரண்டு கர்ப்பிணிகள் ஒரே நேரத்தில் எழுந்து உள்ளே சென்றனர். ஒருத்தியின் இரத்தப் பரிசோதனைத் தாள் மற்றவளின் கோப்புக்குள் போய்விட்டது. மாத்திரை கொடுக்கும் செவிலி பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்ததால் விபரீதம் ஏதும் நேரவில்லை.

டோக்கன் எண்ணை வழங்கும் நிரலை எழுதியவள் சிஸ்டர். அவள் பெயரைத் தாங்கி இந்த அலுவலகத்தை விட்டு வெளியே சென்ற முதல் நிரல் அதுவே.

அது பெரிய நிரல் அன்று. மருத்துவமனையின் பதிவுப் பகுதியில் இரண்டு கவுன்டர்கள் உள்ளன. இரண்டும் உள்ளறையில் இருக்கும் ஒரே சர்வரிடம் எண் கேட்கும். சர்வருக்குள் ‘எண் வழங்கி’ என்னும் ஒரு பொருள் இருந்துகொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடுத்துக்கொண்டே போகும். எண் வழங்கி ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது. இரண்டு இருந்தால், இரண்டுமே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். இவ்வாறு நிரல் முழுமைக்கும் ஒரு பொருளை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ளும் முறைக்குச் சிங்கிள்டன் என்று பெயர். மாலை வகுப்பில் அதைப் படித்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொருள் இருக்கிறதா என்று பார். இருந்தால் அதையே கொடு. இல்லையேல் ஒன்றைப் படைத்துக் கொடு. மொத்தம் நான்கே வரிகள். அந்த நான்கு வரிகளையும் அவள் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்து மனப்பாடம் செய்திருந்தாள்.

“பிரசவ வார்டுல இருந்து வந்தவங்க இல்லையா சிஸ்டர், அதான் உங்க ப்ரோக்ராமும் இரட்டையாப் பெத்துப் போட்டிருக்கு” என்றான் பக்கத்து மேசையிலிருந்த குழுத் தலைவன்.

நிரலில் எந்த மூலையில் சிக்கல் எழுந்தாலும், “ஒரு லாக் போட்டுட்டா சரியாயிடும்” என்று சொல்வது அவன் வழக்கம். லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளை மட்டும் உள்ளே விடும் பூட்டு. ஆகவே அலுவலகம் அவனுக்குப் பூட்டு என்று பெயரிட்டிருந்தது. வயதில் அவளுக்குப் பாதி. பொறுப்பில் அவளுக்கு மேல். இரண்டுக்கும் பொதுவாக, அவள் அவனைத் ‘தம்பி’ என்று விளித்து ‘நீங்க’ என்று பேசிவந்தாள்.

“சிரிக்காதீங்க தம்பி. பேப்பர் மாறிப் போயிருக்கு. மாத்திரை மாறியிருந்தா?”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளருகே வந்து அமர்ந்தான். இருவரும் இரண்டு கணினிகளின் முன் உட்கார்ந்து, மாற்றி மாற்றியும் அடுத்தடுத்தும் நாற்பது தடவை எண் கேட்டுப் பார்த்தனர். ஒன்று, இரண்டு என்று நிரல் சமர்த்தாகக் கொடுத்தது.

“ஒன்னும் தெரியாத பச்சைப்புள்ள மாதிரி இருக்கே” என்று தாடையைத் தடவிய பூட்டு, மருத்துவமனை சர்வரின் பதிவுகளைத் திறந்தான். திறந்தவனின் விழிகள் விரிந்தன. திங்கட்கிழமை மட்டுமல்ல; நிரல் அங்கே சென்றது முதல், கடந்த ஐந்து வாரங்களாக, வேலை நாள் ஒவ்வொன்றிலும், ஒன்றாம் எண் இருமுறை வழங்கப்பட்டிருந்தது. இரண்டாம் எண்ணோ மூன்றாம் எண்ணோ ஒருநாளும் இரட்டிக்கவில்லை.

“அஞ்சு வாரமாவா? அப்ப ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை?” என்றான்.

“அதான் எனக்கும் புரியலை.”

“விடுங்க சிஸ்டர். மேல ஒரு லாக் போட்டு மதியத்துக்குள்ள அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமையை வச்சுக்கிட்டு இதை இழுக்காதீங்க.”

“என்ன நோய்னு தெரியாம ஊசி போடக் கூடாது தம்பி. நாளைக்குக் காலையில நேர்லயே போய்ப் பார்த்துட்டு வரேன்.”

அதுவரைக்கும் எண்ணோடு பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, அவள் அன்றைய தினத்தை ஒருவாறு ஓட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் பதிவுப் பகுதியை அடைந்தாள். இடப்பக்கக் கவுன்டரில் அமர்ந்திருந்த பொறுப்பாளர் வேறு யாருமல்லர், அவளுடைய நாத்தனாரே. வலப்பக்கக் கவுன்டரில் தடித்த கண்ணாடி அணிந்த எழுத்தர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள்.

“வாங்க அண்ணி. வேலையை விட்டுப் போனவங்களை மறுபடி இந்த வாசல்ல பார்க்க உங்க மெஷின் கெட்டுப் போகணும் போல” என்றாள் நாத்தனார், காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டே.

இரவில் அணைந்து காலையில் விழிக்கும் சர்வர் ஏழரை மணிக்குத் தானாக இயங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் தொலைபேசி ஓயவில்லை. ஒரு மருத்துவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் அறுவை அரங்கத்தில். அவருக்குப் பதில் வேறொருவர். நாத்தனார் ஒவ்வொரு அழைப்புக்கும் கணினியில் அன்றைய மருத்துவர் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருந்தாள். கடைசித் திருத்தம் முடிந்தபோது மணி ஏழு ஐம்பத்திரண்டு. சிஸ்டர் அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டாள்.

எட்டு மணி ஆயிற்று. இரு வரிசைகளும் கதவு வரை நீண்டிருந்தன. நாத்தனார் வலப்பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். கண்ணாடிக்காரரும் விரலை விசைமேல் வைத்துத் தயாரானார்.

“ஒன்னு, ரெண்டு, மூணு.”

இருவர் விரல்களும் ஒரே கணத்தில் அழுந்தின. இரண்டு அச்சுப்பொறிகளிலிருந்தும் இரண்டு சீட்டுகள் நாக்கை நீட்டின. இரண்டிலும் ஒன்று.

சிஸ்டர் திகைத்து நின்றாள். “இது என்ன வழக்கம்?”

“போன வருஷம் நான் ஒரு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சிட்டேன்னு அந்த வரிசையில ஒரு சண்டை வந்துச்சு அண்ணி. மாப்பிள்ளைமார் ரெண்டு பேர் கைகலப்பு வரைக்கும் போயிட்டாங்க.”

“உடைஞ்சது என் கண்ணாடி” என்றார் கண்ணாடிக்காரர். “அன்னையில இருந்து, உங்க மெஷின் வர்றதுக்கு முன்னாடியே, ரெண்டு பேரும் ஒரே மூச்சுல அமுக்குறோம்.”

“சரி, ரெண்டு ஒன்னு வருதுன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? வீட்டுல தினம் பார்க்கிறோமே.”

நாத்தனார் அவளை விநோதமாகப் பார்த்தாள். “எதுக்குச் சொல்லணும்? நீங்க தெரிஞ்சே பண்ணின நல்ல காரியம்னு இருந்தோம். வரிசைக்கு ஒரு ஒன்னு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதுக்காக எங்க அண்ணன்கிட்ட உங்களைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாக்கூடச் சொன்னேன். நான் அப்படிச் சொல்றது எத்தனை அபூர்வம்னு உங்களுக்கே தெரியும்.”

“டாக்டருக்குக் குழப்பம் வராதா?”

“பழைய டாக்டருக்கு எல்லாம் தெரியும். பெரிய ஒன்னு, சின்ன ஒன்னுன்னு கூப்பிடுவார். நேத்து வந்தது புது டாக்டர். அங்கதான் மாட்டிக்கிச்சு.”

“யாரு பெரிய ஒன்னு?”

“இது ஒரு கேள்வியா? என்னோடதுதான்.”

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். “அது இன்னும் முடிவாகலை.”

பேருந்தில் திரும்பும்போது சிஸ்டருக்கு எல்லாம் தெளிவாயிற்று. எண் வழங்கி முதன்முதலில் எண் கேட்கப்படும்போதுதான் படைக்கப்படும். படைக்கப்படும்போது அன்றைய மருத்துவர் பட்டியலையும் படிக்கும். அலுவலகத்தின் மாதிரிப் பட்டியலில் மூன்று மருத்துவர்களே இருந்ததால், அது இமைப்பொழுதில் முடிந்துவிடும். மருத்துவமனைப் பட்டியலிலோ முப்பத்தெட்டுப் பேர். படிக்க இரண்டு விநாடிகள் ஆகும். இடப்பக்கக் கவுன்டர் வந்து, எண் வழங்கி இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லை என்றதும் படைக்கத் தொடங்குகிறது. அந்த இரண்டு விநாடிக்குள் வலப்பக்கக் கவுன்டரும் வந்து கேட்கிறது. முதலாவது இன்னும் பிறந்து முடியாததால் அதற்கும் இல்லை என்றே விடை கிடைக்கிறது. எனவே அதுவும் ஒன்றைப் படைக்கிறது. இரண்டும் ஆளுக்கொரு ஒன்றைக் கொடுத்துவிடுகின்றன. பிந்திப் பிறந்தது நிலைத்துவிடுவதால், இரண்டாம் எண் முதற்கொண்டு குழப்பமில்லை.

எண்ணைக் கூட்டும் இடத்துக்கு அவள் பூட்டுப் போட்டிருந்தாள். எண் வழங்கி பிறக்கும் இடத்தைத் திறந்தே விட்டிருந்தாள். தவறு நாத்தனாருடையது அன்று, சர்வருடையது அன்று. மனப்பாடம் செய்த அந்த நான்கு வரிகளுடையது. அதாவது, தன்னுடையது.

புதன்கிழமை முழுவதும் அவள் சோதனை நிரல் ஒன்றை எழுதினாள். இரண்டு வேண்டுகோள்களை ஒரு வாசலில் நிறுத்திவைத்து, மூன்று எண்ணியதும் இரண்டையும் ஒருசேர அவிழ்த்துவிடும் சோதனை அது. மருத்துவர் பட்டியலையும் இரண்டு விநாடி தாமதப்படுத்தினாள். இயக்கியதும், தோல்வி என்று திரை சிவந்தது. இரண்டு ஒன்றுகள். மறுபடி இயக்கினாள். மறுபடியும் இரண்டு ஒன்றுகள்.

பூட்டு குனிந்து அந்தச் சோதனையின் பெயரைப் படித்தான். “நாத்தனார்னு பேர் வச்சிருக்கீங்க.”

“தப்பைக் கண்டுபிடிக்கிறதுல அவளை மிஞ்ச ஆள் இல்லை.”

அதன்பின் இருவரும் வெள்ளைப் பலகைமுன் நின்றனர். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. பிறக்கும் இடத்துக்கு முழுதாகப் பூட்டுப் போடுவது முதல் முறை. அதை எழுதி இயக்கினர், திரை பச்சையாயிற்று. ஆனால் ஒரே ஒருமுறை நேரும் ஆபத்துக்காக நாள் முழுவதும் ஒவ்வொரு எண்ணும் பூட்டுக்கு முன் நின்று போக வேண்டுமே என்று பூட்டு முகத்தைச் சுளித்தான். பூட்டே பூட்டு வேண்டாம் என்று சொன்ன செய்தி அடுத்த மேசைகளுக்கு உடனே பரவியது.

“அப்ப சர்வர் எழுந்ததுமே படைச்சு வச்சிடலாம். கவுன்டர் திறக்கறதுக்கு முன்னாடியே பிறந்திடும். சண்டைக்கே இடமில்லை” என்றான் அவன்.

“ஏழரைக்குப் பிறந்தா ஏழரைக்கு இருக்கிற பட்டியலைத்தான் படிக்கும். அவ ஏழு அம்பத்திரண்டு வரைக்கும் டாக்டரை மாத்திக்கிட்டு இருக்கா. லீவுல இருக்கிற டாக்டர் ரூமுக்கு ஆள் போய் நிக்கும்.”

பூட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான். அந்த ஏழு ஐம்பத்திரண்டு எந்த ஆவணத்திலும் இல்லை.

பிறகு தன் மனத்துக்கு உகந்த மூன்றாம் முறையை அவன் பலகையில் விரித்தான். முதலில் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியபின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையெனில் மட்டுமே படைக்க வேண்டும். அத்துடன், பொருளை அறிவிக்கும் இடத்தில் தனிச்சொல் ஒன்றையும் சேர்த்தாக வேண்டும். எழுதி இயக்கினர். பச்சை.

“இதான் சிஸ்டர். சும்மா தகதகன்னு இருக்கு பாருங்க. மேடம் இன்டர்வியூல எல்லார்கிட்டயும் கேக்கறது இதைத்தான். வெள்ளிக்கிழமை இதைக் காட்டினீங்கன்னா நிரந்தரம் உங்க கையில.”

சிஸ்டர் அந்தத் தனிச்சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த ஒரு சொல் விட்டுப்போனா என்ன ஆகும்?”

“ஒன்னும் ஆகாது.”

“அப்ப எதுக்கு இருக்கு?”

“எப்பவாவது ஆகும். பாதி பிறந்த பொருளை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிடலாம்.”

“எப்பவாவதுன்னா? நாத்தனார் டெஸ்ட் அதைப் பிடிக்குமா?”

“பிடிக்காது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் பச்சைதான் வரும்.”

எப்பவாவது என்ற சொல்லைப் பிரசவ வார்டில் பத்தொன்பது ஆண்டுகள் அவள் கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களை அவள் கண்டதில்லை. பலகையில் எண் வழங்கி என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: “தம்பி, எண் வழங்கிக்கு டாக்டர் பட்டியல் எதுக்கு?”

“நீங்கதானே வச்சீங்க.”

“வச்சேன். சும்மா ஒரே இடத்துல இருக்கட்டும்னு வச்சேன். எண் குடுக்கிறவனுக்கு டாக்டர் யாருன்னு எதுக்குத் தெரியணும்? அதைப் பிரிச்சு எடுத்துட்டா எண் வழங்கிக்குப் படிக்க ஒன்னுமில்லை. ஏழரைக்கே பிறக்கலாம். பட்டியலை எட்டு மணிக்கு வேற ஒன்னு படிச்சுக்கட்டும்.”

“சரி. அப்புறம் கவுன்டர் அதை எப்படித் தேடும்?”

“தேடவே வேண்டாம். வார்டுல வலி மருந்து அலமாரிக்கு ஒரே சாவி. அது எங்க இருக்குன்னு யாரும் தேட மாட்டோம், இல்லைன்னு புதுசா ஒன்னு செய்யவும் மாட்டோம். ஷிஃப்ட் மாறும்போது கையில குடுத்துடுவாங்க. அது மாதிரி, ஆரம்பத்துல ஒன்னைப் படைச்சு ரெண்டு கவுன்டர் கையிலயும் குடுத்துடுவோம்.”

பூட்டு தலையைச் சொறிந்தான். “அப்ப அது சிங்கிள்டனே இல்லை. யாரு வேணா இன்னொன்னு படைச்சிடலாமே. தடுக்க ஒன்னுமில்லை.”

“இல்லைதான். ஆனா படைக்கிறது ஒரே ஒரு வரியில, எல்லார் கண்ணுக்கும் தெரியற இடத்துல இருக்கு. ரெண்டாவதா ஒரு வரி வந்தா நீங்க விட்டுடுவீங்களா?”

“விட மாட்டேன்” என்று ஒப்புக்கொண்ட பூட்டு, குரலைத் தாழ்த்தினான். “ஆனா சிஸ்டர், இது ரொம்பச் சாதாரணமா இருக்கு. உங்களுக்கு மத்த முறை தெரியாதுன்னு மேடம் நினைச்சிட்டா?”

அது அவளுக்கும் உறைத்தது. தகதகக்கும் முறையைக் காட்டினால் வேலை நிரந்தரமாகக்கூடும். சாதாரண முறையைக் காட்டினால், மாலை வகுப்புக்காரிக்கு இவ்வளவுதான் தெரியும் என்று ஆகிவிடக்கூடும். இருப்பினும், அவள் தன் மேசைக்குத் திரும்பி, மனப்பாடமாகத் தெரிந்த நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். நான்காவதை அழிக்கும்முன் அதை ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டாள். அதன்பின் பட்டியலைப் பிரித்தாள், எண் வழங்கியைத் தொடக்கத்தில் ஒரே வரியில் படைத்தாள், கவுன்டர்களிடம் ஒப்படைத்தாள். நாத்தனார் சோதனையை இயக்கினாள். பச்சை. வியாழக்கிழமை மாலை பூட்டு அதை வரிக்கு வரி படித்து ஒப்புதல் அளிக்க, நிரல் மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குச் சிஸ்டர் பதிவுப் பகுதியின் தூணருகே நின்றாள். “ஒன்னு, ரெண்டு, மூணு.” விரல்கள் அழுந்தின. கண்ணாடிக்காரரின் அச்சுப்பொறியில் ஒன்று வந்தது. நாத்தனாரின் அச்சுப்பொறியில் இரண்டு வந்தது.

நாத்தனார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“முடிவாயிடுச்சு” என்றார் கண்ணாடிக்காரர், தன் சீட்டை உயர்த்திப் பிடித்து.

“அண்ணி, இதுக்காகவா ராப்பகலா உட்கார்ந்து எழுதினீங்க? எங்க வரிசைக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பதில் சொல்ல வேண்டிய வேளை உடனே வந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவன் தன் மனைவியின் சீட்டைக் கண்டு, “இந்தப் பக்கம் ஏன் ரெண்டுல ஆரம்பிக்குது?” என்று குரலை உயர்த்தினான். சிஸ்டர் தூணை விட்டு முன்னே நகர்ந்தாள். இரட்டை ஒன்றை ஒழித்தாகிவிட்டது. அதோடு அது காத்துவந்த சமாதானத்தையும் ஒழித்துவிட்டாளோ என்று அஞ்சினாள்.

ஆனால் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் குடுத்தா ஓரவஞ்சனைன்னு சொல்லலாம். குடுத்தது மெஷின். அதுக்கு இந்தப் பக்கமும் தெரியாது, அந்தப் பக்கமும் தெரியாது. இன்னைக்கு அவங்களுக்கு, நாளைக்கு நமக்கு வரலாம். உங்க வீட்டம்மா பேரை வேற ஒருத்தி ஃபைல்ல தேடற நிலைமை இனிமே இல்லை. அதைப் பாருங்க.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டாள். வரிசை நகர்ந்தது. நாத்தனார் சிஸ்டர் பக்கம் திரும்பவேயில்லை. ஆயினும், “நாளைக்கு எனக்கு ஒன்னு வரலைன்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பு இருக்காது” என்று திரைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் அம்மாளின் அறை. மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நிரலின் அச்சுப்படி, மற்றொன்று கையெழுத்திடப்படாத பணி ஆணை. மேலாளர் முதல் தாளையே நெடுநேரம் பார்த்தார்.

“பூட்டுக்கு முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டைச் சரிபார்ப்பு முறை உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம். எழுதியும் பார்த்தேன், டெஸ்ட்ல தேறிடுச்சு. ஆனா அதுல ஒரு சொல் விட்டுப்போனா எந்த டெஸ்ட்டும் காட்டிக் குடுக்காது. எனக்கு அப்புறம் வேற ஒருத்தர் இதைத் திருத்தும்போது, அந்தச் சொல் எதுக்குன்னு தெரியாம எடுத்துடலாம்.”

“இந்தத் தப்பு எப்படி வந்துச்சு?”

“நான் படிச்சதை அப்படியே எழுதிட்டேன். காலையில எட்டு மணிக்கு அங்க என்ன நடக்குதுன்னு போய்ப் பார்க்கலை. அது என் தப்புதான் மேடம்.”

மேலாளர் தலையசைத்தார். அது ஆமோதிப்பா, தீர்ப்பா என்று தெரியவில்லை. “அடுத்த மாசம் அவங்க ரெண்டாவது கட்டடம் திறக்கிறாங்க. அங்க தனி சர்வர். நீங்க எழுதினது அங்கேயும் வேலை செய்யுமா?”

செய்யும் என்று சொல்லிவிட்டால் உரையாடல் அத்துடன் முடிந்துவிடும். பணி ஆணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“செய்யாது மேடம்” என்றாள் சிஸ்டர். “இது ஒரு சர்வருக்குள்ளதான் ஒன்னு. ரெண்டு சர்வர் வந்தா மறுபடியும் ரெண்டு ஒன்னு வந்துடும். இது மட்டும் இல்லை, எந்த சிங்கிள்டன் போட்டாலும் அதே கதைதான். எண்ணை ரெண்டு சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸ்ல வைக்கணும்.”

“இதை எப்ப யோசிச்சீங்க?”

“இன்னைக்குக் காலையில, தூண் பக்கத்துல நிக்கும்போது.”

மேலாளரின் உதட்டோரம் முதன்முறையாக நெகிழ்ந்தது. பேனாவைத் திறந்து, பணி ஆணையில் கையெழுத்திட்டு, அதை மேசையின் குறுக்கே நகர்த்தினார். “அப்ப அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க. என்னைக்கு ஆரம்பிக்கிறீங்க?”

சிஸ்டர் தாளை எடுத்தாள். தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். “புதுக் கட்டடத்துக் கவுன்டர்ல உட்காரப் போறவங்க பயிற்சிக்கு என்னைக்கு வர்றாங்க மேடம்?”

“புதன்கிழமைன்னு சொன்னாங்க. ஏன்?”

“அவங்களோட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துட்டு, வியாழக்கிழமை முதல் வரியை எழுதறேன்.”